முன்வாசல் பூட்டு

ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஞானபூரணி சொன்னது பொய். அவளுக்குப் போக ஊர் என்று ஒன்றும் கிடையாது. சாத்தான்குளம் பக்கத்தில் அப்பாவின் வீடு ஒன்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சித்தப்பா மக்கள் அதைப் பிரித்து, ஓட்டையும் உத்திரத்தையும் விற்றுவிட்டார்கள். ஒரே அண்ணன் கொழும்பில். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். வயது நாற்பதை நெருங்கும்போது இதையெல்லாம் ஒரு வாத்தியாரிடம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்?

வேதமாணிக்கம் வாத்தியார் நல்ல மனுசர்தான். ஆனால் நல்ல மனுசர்களுக்கு எப்போதும் ஓர் அவசரம் இருக்கும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. கஞ்சி அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"நர்சம்மா, இங்கன காய்ச்சல் இறங்கிட்டுது. நாங்க அண்டாவக் கொண்டுக்கிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் போறோம். நீங்க ரொம்பத் தளந்து தெரியிறீக. உங்க ஊருக்குப் போயி நாலு நாள் உங்க ஆளுகளோட இருந்துட்டு வாங்க."

"சரிங்க சார். ஊருக்குப் போயிட்டு வாரேன்," என்றாள் ஞானபூரணி.

அது 1957. வைகாசியில் சிங்கப்பூர்க் கப்பலில் மெட்ராசுக்கு வந்து இறங்கிய காய்ச்சல், ஆனி பாதிக்குள் சிவகாசி வட்டாரத்துக்கு வந்துவிட்டது. உலகம் பூராவும் பரவிய காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தான். உலகத்துக்கே வந்த ஒன்று நமக்கும் வந்திருக்கிறது என்று எம். புதுப்பட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அவரவர் வீட்டில் ஆள் விழுகிறவரைக்கும். தீபாவளி ஆர்டருக்கு வேலை சூடுபிடிக்க வேண்டிய நேரத்தில் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசுக் கம்பெனியும் மூடிக் கிடந்தன. கூலி நின்றது. கூலி இருந்தவர்கள் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க ஆள் இல்லை. வீட்டோடு மொத்தமாக விழுந்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களைவிட, காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வாய் கஞ்சி கொடுக்க ஆளில்லாமல் செத்தவர்களை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அந்த எரிச்சலில்தான் வாத்தியார் நிவாரணச் சங்கம் ஆரம்பித்தார். கோயில் சபையில் பிடியரிசி சேர்த்தார்கள். சிவகாசிக் கடைக்காரர்கள் மூட்டையாக அனுப்பினார்கள். பெரிய அட்டைப் பீப்பாயில் அமெரிக்காப் பால்பவுடர் வந்தது. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட முற்றத்தில் அண்டாவை ஏற்றினார்கள். ஒரு ஏற்பாடும் செய்தார்கள்: காய்ச்சல் கண்ட வீட்டுக்காரர்கள் வாசற்படியில் ஒரு காலிப் பாத்திரத்தை வைத்துவிட்டால் போதும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சங்கத்து ஆட்கள் கஞ்சியை ஊற்றிவிட்டுப் போவார்கள். மிஷன் மருந்தகத்து நர்ஸ் ஞானபூரணி பின்னாலேயே வந்து மருந்து கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் அவள் அத்தனை வீட்டுக்குள்ளும் போனது அப்போதுதான். பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். இப்போதோ நடுவீட்டில் பாய் போட்டு, "இங்கன உக்காருங்க நர்சம்மா" என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்கள். காய்ச்சல் இறங்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்தவள்தான். இறங்கியதும் இந்தக் கதவெல்லாம் மறுபடி சாத்திக்கொள்ளும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

தெருவில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் பாத்திரம் வரவில்லை. வெள்ளைத்தாய் வீடு. புருஷன் செத்த பிறகு கரிசல் காட்டைத் தானே நின்று உழுதவள். ஒரே மகள் பேச்சியம்மாள். வாசலில் பாத்திரம் இல்லையே, அங்கே சுகமாக இருக்கிறார்கள் என்று சங்கத்து ஆட்கள் தாண்டிப் போனார்கள். ஞானபூரணிக்கு மட்டும் அந்த வீட்டுப் பசு கத்துகிற கத்தல் காதில் விழுந்தது. பால் கறக்காத மாடு கத்துகிற கத்தல் அது. மாட்டுத்தொழு வழியாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். தாயும் மகளும் ஒரே பாயில் கிடந்தார்கள். தானியக் குலுக்கையில் கம்பு இருந்தது. குத்திக் காய்ச்சத்தான் ஆள் இல்லை.

வெள்ளைத்தாய் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "நீங்க வந்தத யாரும் பாத்தாகளா?" என்பதுதான்.

"யாரும் பாக்கல. ஏன்க்கா வாசல்ல ஒரு பாத்திரம் வைக்கக் கூடாதா?"

"வச்சா என் மகளுக்குக் கல்யாணம் நடக்குமா?"

அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் சர்க்கார் கஞ்சித்தொட்டி திறந்தபோது வரிசையில் நின்ற குடும்பங்களை, எண்பது வருஷம் கழித்தும் இந்தப் பக்கத்தில் 'தொட்டிக்கஞ்சி வீடு' என்றுதான் சொல்கிறார்கள். நின்றவன் பேரன் பத்து ஏர் வைத்திருந்தாலும் பெண் எடுக்க யோசிப்பார்கள். யார் வீட்டில் எப்போது பட்டினி என்பதை மறக்காமல் வைத்திருப்பதில் நம் ஆட்களுக்கு இணை கிடையாது. பேச்சியம்மாளுக்கு வெம்பக்கோட்டையில் மாப்பிள்ளை பேசியிருந்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவான சோலைச்சாமி இதே ஊரில், இதே தெருவில், ஞானபூரணி வீட்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்தார்.

"அப்பச் சரி. நான் இந்தப் பக்கமாவே வாரேன்," என்றாள் ஞானபூரணி.

விளக்கு வைக்கிற நேரத்தில் தன் சொந்தத் தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி, முந்தானையில் மூடி, தொழு வழியாகக் கொண்டு போவாள். மகளுக்கு ஊட்டிவிட்டு, வெள்ளைத்தாய் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். பசுவைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைக்கு முழுவதும் அலைந்த அலைச்சலில் அவள் உட்காருவது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் வெள்ளைத்தாய் கேட்டாள்:

"ஒங்களுக்குன்னு யாரும் இல்லையா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். ஒளிந்து கஞ்சி குடிக்கிறவளிடம் என்ன ஒளிவு என்று தோன்றியதோ என்னவோ.

"இல்லக்கா. போறதுக்கு ஊரும் இல்ல," என்றாள்.

வெள்ளைத்தாய் 'ச்சு' கொட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு மீதிக் கஞ்சியைக் குடித்தாள். அது ஞானபூரணிக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் தூக்குச்சட்டியை எடுக்கப் போனபோது, "இருக்கட்டும், நான் கொண்டாந்து தாரேன். வெறுஞ்சட்டியா எப்படிக் குடுத்து விட?" என்று வெள்ளைத்தாய் வைத்துக்கொண்டாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அண்டா போன வண்டியின் சத்தம் தேய்ந்ததும் பள்ளிக்கூட முற்றம் வெறிச்சென்று ஆனது. ஞானபூரணி குடியிருந்தது பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய ஓர் அறையும் அடுப்படியும். முன்வாசல் தெருவைப் பார்த்தது, பின்வாசல் பள்ளிக்கூட முற்றத்தில் திறந்தது. முன்கதவின் உள்பக்கத்து மரத்தாழ்ப்பாளைக் கரையான் அரித்துத் தள்ளியிருந்தது. வீட்டுக்காரர் சுந்தரபாண்டி தச்சனை அனுப்புகிறேன் என்று இரண்டு பொங்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் ராத்திரியானால் முன்கதவை வெளிப்பக்கம் திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, முற்றத்தைச் சுற்றி வந்து பின்வாசல் வழியாக நுழைந்து படுத்துக்கொள்வாள். கஞ்சி காய்ச்சிய நாட்களில் வேலையெல்லாம் முற்றத்திலேயே என்றாகி, பகலிலும் பூட்டுத் தொங்கியபடியே இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்து படுத்தாள். சாயங்காலம் குளிர் எடுத்தது. போர்வைக்கு மேல் இரண்டு சேலையைப் போட்டும் நிற்கவில்லை. எத்தனையோ பேர் நெற்றியைத் தொட்ட கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தன் கையே சுட்டதால் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெருச்சத்தம் கேட்டது. படுத்த இடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் அந்தக் கதவு ஒன்றுதான். யாரோ ஒரு பெண் வந்து நின்றாள்.

"நர்சம்மா இல்ல போலுக்கே. பூட்டிக் கெடக்கு."

"ஊருக்குப் போயிட்டாகளாம். வாத்தியாரு சொன்னாரு," என்று டீக்கடையிலிருந்து சோலைச்சாமி பதில் சொன்னார். "பாவம், அவுக ஆளுக தேடமாட்டாகளா?"

அப்போது கூப்பிட்டிருக்கலாம். குரல் இருந்தது. ஆனால் ஊருக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னவள் பூட்டிய வீட்டுக்குள் கிடந்து கூப்பிட்டால் என்ன சொல்வார்கள்? ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். போக இடமில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பரிதாபம் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் தேவலையானதும் நாமே எழுந்து கஞ்சி வைத்துக்கொள்ளலாம் என்று வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு இருமினாள். வெட்கம் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தையும் செய்ய வைக்கும். வாசலில் பாத்திரம் வைக்காத வெள்ளைத்தாயிடம் பேசிய நியாயமெல்லாம் அவளுக்கே மறந்து போயிற்று.

அன்று பகல் போய், இரவும் போனது. பானைத் தண்ணீர் தீர்ந்தது. அடுப்படிவரை தவழ்ந்து போனவளால் திரும்பிப் பாய்க்கு வர முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. இதே சத்தத்தைக் கிழக்குத் தெருவில் ஒரு தச்சுவேலைக்காரனிடம் கேட்டிருந்தாள். அவன் மறுநாளைத் தாண்டவில்லை. இப்போது பயம் வந்தது. வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "யாராவது இருக்கீகளா?" என்று கூப்பிட்டாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தெருவில் டீ ஆற்றுகிற சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும், கம்பெனி திரும்பத் திறக்கப் போகிறதாம் என்கிற பேச்சும் தெளிவாகக் கேட்டன. மனிதர்கள் அத்தனை பக்கத்தில் இருந்தார்கள். தான் செத்தால் நாற்றம் அடித்த பிறகுதான் தெரியும் என்று நினைத்தாள். நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. யார் வந்து கண்ணை மூடிவிடுவார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவு கிரீச்சிட்டது.

"நர்சம்மா, சட்டி கொண்டாந்தேன். பசு ரெண்டு நாளா நல்லாக் கறக்குது. காய்ச்சின பாலுதான்."

அக்கம்பக்கம் கேட்காத குரலில் பேசியபடி வந்த வெள்ளைத்தாய், இருட்டில் காலடியில் எதுவோ தட்டுப்பட்டுக் குனிந்தாள். காய்ச்சலிலிருந்து எழுந்து மகளோடு வீட்டுக்குள்ளேயே இருந்ததால், நர்சம்மா ஊருக்குப் போன சேதி அவள் காதுக்கு எட்டவில்லை. யாரும் பார்க்காமல் சட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று பின்வாசல் வழியாக வந்தாள். இந்த ஊரில் பின்வாசலை நினைக்க வேண்டிய தேவை அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

ஞானபூரணியின் தலையை மடியில் தூக்கி வைத்து, சட்டி மூடியில் பாலை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி வழிந்தது. நெஞ்சில் கரகரப்பைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"இது எங்கைக்கு அடங்காது தாயி. ஆஸ்பத்திரிக்கித் தூக்கணும். நான் போயி ஆளுகளக் கூப்பிடுதேன்."

ஞானபூரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டுப் போகாதே என்று பிடித்தாளா, தெருவுக்குப் போகாதே என்று பிடித்தாளா, அவளுக்கே தெரியாது. வெள்ளைத்தாய் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு, சட்டியும் கையுமாக எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் முன்கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"சோலைச்சாமி அண்ணே, வண்டி பூட்டச் சொல்லுங்க. நர்சம்மா உள்ள சாகக் கெடக்காக."

"என்னத்தா சொல்ற? அவுக ஊருக்குல்லா போயிருக்காக. பூட்டு தொங்குறது தெரியலையா?"

"பூட்டு கெடக்கட்டும். உள்ளதான் இருக்காக."

"ஒனக்கும் காய்ச்சலு கண்டுட்டா, பெனாத்துதயே? வாத்தியார்ட்டச் சொல்லிட்டுல்லா போயிருக்காக," என்று இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள். பெஞ்சிலிருந்து ஒருவரும் எழுந்த சத்தம் கேட்கவில்லை.

கோழியைத் தேடி வந்தேன், முனகல் கேட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம். கேட்கிறவர்கள் பாதி நம்பி, டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக வந்து பார்த்திருப்பார்கள். உள்ளே கிடந்த ஞானபூரணி, அக்கா அப்படித்தான் சொல்வாள், சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மூச்சுக்கு நடுவில் அதை நினைக்கும் அளவுக்கு அவளுக்குப் பேச்சியம்மாளின் கல்யாணம் ஞாபகத்தில் இருந்தது.

"ஊருக்குப் போயிட்டாக, ஊருக்குப் போயிட்டாகங்கீகளே," வெள்ளைத்தாயின் குரல் உயரவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "அவுகளுக்கு ஏது ஊரு? எங்கிட்டச் சொன்னாக, போறதுக்கு ஊரே இல்லன்னு. நீங்க யாராச்சும் ஒரு நாளு கேட்டீகளா?"



"ஒங்கிட்ட எப்பத்தா சொன்னாக? நீ அவுக கூடப் பேசி நாங்க பாத்ததே இல்லையே," என்றார் சோலைச்சாமி.

"இந்தா, இது யாரு சட்டின்னு பாருங்க. எங்க வீட்டுல எல்லாரும் விளுந்து கெடந்தப்ப, தெனமும் தொழு வழியா இதுலதான் தொட்டிக்கஞ்சி கொண்டாந்து ஊத்துனாக. நானும் குடிச்சேன், எம்மகளும் குடிச்சா. அதத் திருப்பிக் குடுக்கத்தான் பின்வாசல் வழியா வந்தேன். இப்ப நம்புதீகளா? வண்டியப் பூட்டுங்க."

பெஞ்சு தரையில் இழுபடும் சத்தம், ஓடுகிற காலடிகள். சாவி எங்கே என்று யாரோ கேட்டார்கள். முற்றத்தைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் யாரோ அம்மிக்குழவியைக் கொண்டுவந்து பூட்டில் அடித்தார்கள். கதவு திறந்ததும் தெரு விளக்கின் வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. முதலில் உள்ளே நுழைந்தவர் சோலைச்சாமிதான். ஞானபூரணியை அவரே தூக்கினார்.

சிவகாசி ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வரும்போது ஆடி முடியப் போகிற நேரம். வேதமாணிக்கம் வாத்தியார் வந்து, "சொல்லியிருக்கலாமே நர்சம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. சொல்லியிருக்கலாம்தான், கேட்டுமிருக்கலாம். அவள் சரிங்க சார் என்றாள். சுந்தரபாண்டி தச்சனை அனுப்பி, உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். இப்போதாவது வந்ததே.

வெம்பக்கோட்டைக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மரியாதை இல்லையாம். நாள் குறிக்க வருவதாகச் சொன்ன அன்றைக்கு வரவில்லை, அதற்கு அடுத்த முகூர்த்தத்துக்கும் வரவில்லை, அவ்வளவுதான். மருந்து வாங்க வந்த ஒருத்தி இதைச் சொல்லிவிட்டு, "எல்லாம் அந்தச் சட்டியால வந்தது," என்று முடித்தாள். அன்று பூராவும் ஞானபூரணிக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்குச்சட்டி திரும்ப அவள் வீட்டிலேயே கிடந்தது. பால் கொண்டுவந்த சட்டி. இப்போது அதைக் கொண்டு போக வேண்டியவள் அவள். வெறுமனே கொண்டு போக முடியாது. காய்ச்சல் கண்ட நாக்குக்கு உறைப்பாக இருக்கட்டும் என்று சாத்தூர்க் காராச்சேவு வாங்கி நிரப்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பினாள். அந்த வீட்டு முற்றத்தில் என்ன முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை. கால் பழகிய வழியில், சந்துக்குள் நுழைந்து மாட்டுத்தொழுவுக்குப் போனது.

தொழுவுக்குள் போகிற வழியை முள் வைத்து அடைத்திருந்தார்கள். புதிதாக வெட்டிய உடைமுள். இனி வர வேண்டாம் என்பதற்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நியாயம்தான் என்றும் தோன்றியது. சட்டியை முள்ளுக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நின்றாள்.

"யாரது, நர்சம்மாவா?" முன்பக்கத்திலிருந்து வெள்ளைத்தாயின் குரல் வந்தது. "அங்கன என்னத்துக்கு நிக்கீக? அந்தப் பக்கம் அடைச்சாச்சு. தெருவழியா வாங்க."

"தெருவுல ஆளுக இருக்காகளே அக்கா."

"இருந்துட்டுப் போறாக. வாங்க."

சந்திலிருந்து வெளியே வந்து, தெருவைச் சுற்றி நடந்தாள். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சோலைச்சாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தூக்குச்சட்டியை மூட முந்தானைக்குப் போன கையை அவள் இறக்கிக்கொண்டாள்.

வெள்ளைத்தாய் முன்வாசலில் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். கல்யாணத்தைப் பற்றி ஞானபூரணி ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "அவுக வரலேன்னா வேற ஆளு வருவாக. வராமயும் போகட்டும், எம்மக உசுரோட இருக்கால்ல," என்று சட்டியை வாங்கிக்கொண்டாள். சொன்ன வேகத்தில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. உள்ளே பேச்சியம்மாள் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் ஞானபூரணி வாயெடுத்தாள். யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் அது.

"இல்லக்கா," என்றாள்.